பக்கத்துக் கம்பெனி சங்கு

பெண் கேட்கப் போகிறவன் பெண்ணின் அப்பாவை ஒருமுறை கழுதை என்று சொன்னால் அது வாய் தவறியது. இரண்டாவது முறையும் சொன்னால் அது கொள்கை. நான் இரண்டு முறையும் சொன்னேன். ஒரே நாள், ஒரே மேசை, கேன்டீன் நிறைய ஜனம். முதல் முறை என் மேல்தான் தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்ததும் சீட்டுப் போட்டி நடக்கும். காசு கிடையாது, கோப்பை மட்டும். (காசு வைத்தால் நிர்வாகம் எங்களுக்கே பூஜை போட்டுவிடும்.) ஒரே மேசையில் இரண்டு ஆட்டம். முதலில் துருப்பு. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஜோடி. பெரிய சீட்டுகளைப் போட்டு அதிகப் பிடி (ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டு ஒரு பிடி) எடுக்கிற ஜோடிக்குக் கோப்பை. எந்த இனம் துருப்பு என்று சண்டை வராமலிருக்க எப்போதும் ஸ்பேடுதான். அடுத்தது கழுதை. அதில் எல்லாம் தலைகீழ். இறங்கிய இனம் நம்மிடம் இல்லையென்றால் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால், இறங்கிய இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும்; விழாவிட்டால் அந்தச் சீட்டுகள் ஆட்டத்தை விட்டே போகும், பெரிய சீட்டுக்காரர் அடுத்து இறக்குவார். கடைசிவரை கையில் சீட்டோடு இருப்பவர் கழுதை. அவர் 'கழுதை' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குரூப் போட்டோவில் நிற்க வேண்டும்.

இரண்டுக்கும் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எப்போது ஆட்டம் மாறும் என்பதற்கு நோட்டீஸ் போர்டில் ஒரே வரி: 'இரண்டு மணிச் சங்கு ஊதியபின் போடும் கையிலிருந்து கழுதை.' எந்தச் சங்கு என்று அதில் இருக்கிறதா? இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் செக்‌ஷன் செல்வியும் நானும் ஒரு வருஷமாக விரும்பிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா ஏழுமலைதான் எங்கள் ஃபோர்மேன். திருப்பாச்சூர்க்காரர். பல வருஷமாக ஆடுகிறார், அந்த அட்டையை ஒருநாளும் மாட்டியதில்லை. அன்று குலுக்கலில் எனக்கு ஜோடியாக அவரே விழுந்தார்.

"இதான் சான்ஸு டில்லி" என்றாள் செல்வி. "கப்பு கையில வந்துச்சுன்னா நைனா குஷியா இருக்கும். அப்பவே கேட்டுடு. வாயை மட்டும் அடக்கிக்கினு ஆடு."

ஃபைனல் வரை வந்துவிட்டோம். எதிர் ஜோடி வெல்டிங்காரர்கள் இருவர். இன்னும் ஒரே ஒரு கை. அதில் ஏழு பிடி எடுத்தால் கோப்பை. அப்போது சங்கு ஊதியது.

பக்கத்துக் கம்பெனி சங்கு. எங்கள் சங்குக்குப் பத்து நிமிஷம் முந்தி ஊதும். மற்றவர்கள் காதில் அது காக்கா கத்தல் மாதிரி. ஆனால் நான் அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவன். அந்தச் சத்தத்துக்குத்தான் சோறு தின்றேன், அந்தச் சத்தத்துக்குத்தான் ஆரம்பாக்கம் ரயிலைப் பிடிக்க ஓடினேன். அதைக் கேட்டதும் என் புத்தி தானாகக் கழுதைக்கு மாறிக்கொண்டது.

சீட்டுப் போட்டார்கள். ஏழுமலை டைமண்ட் ஆஸை இறக்கினார். பெரிய சீட்டை முதலிலேயே ஒழித்துக்கட்டுவதுதானே கழுதையில் சாமர்த்தியம்? என் டைமண்ட் ராஜாவை அதன் மேலேயே போட்டேன். அவர் புருவம் ஏறியது. (பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.) அடுத்து டைமண்ட் ராணி, அதற்கு என் சின்ன டைமண்ட். பிறகு டைமண்ட் ஜாக்கியை இறக்கினார். என்னிடம் டைமண்ட் தீர்ந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேடு ஆஸை, துருப்பிலேயே பெரிய சீட்டை, மேசை அதிர அடித்தேன். மீதிச் சீட்டுகளையும் குஷியில் மல்லாக்கப் பரப்பிவிட்டேன்.

"வெட்டு! அள்ளுங்க சார் மொத்தத்தையும்! இந்த வருசம் நீங்கதான் கழுதை!"

ஏழுமலை மெதுவாகக் கேட்டார்: "இன்னா சொன்ன?"

நடுவர் மேரி அக்கா, கேன்டீன் சூப்பர்வைசர், கரண்டியோடு வந்தார். நான் விடவில்லை. "சங்கு ஊதிச்சா இல்லியாக்கா? போர்டுல சங்குன்னு மட்டும்தானே போட்டுக்குது?" என்று வாதாடினேன்.

மேரி அக்கா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "சங்கு ஊதுனது நெசந்தான். ஆனா எந்தக் கம்பெனி சோறு துன்றியோ அந்தக் கம்பெனி சங்குக்குத்தான் ஆடணும். இது இன்னும் துருப்புதான். சீட்டத் தொறந்தது தொறந்ததாவே இருக்கட்டும். இனிமே உன் கைக்கும் சேத்து ஃபோர்மேனே ஆடுவாரு. நீ கம்முனு குந்து."

உலகத்தில் எந்தச் சீட்டாட்டத்திலாவது இப்படித் தீர்ப்பு உண்டா? நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் சீட்டுகள் ஊருக்கே தெரிய, அவர் இரண்டு கையும் ஆடினார். ஆறு பிடி. ஒரே ஒரு பிடியில் கோப்பை போனது. எங்கள் ஜோடிக்கே விழுந்த பிடிகளின் மேல் வீணாய்ப் போட்ட ராஜாவும் ஸ்பேடு ஆஸும் கையில் இருந்திருந்தால் அந்த ஒரு பிடி வந்திருக்கும். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பிறகு எங்கள் சங்கு ஊதியது. நிஜமான கழுதை. வெல்டிங்காரர்கள் இருவரும் சீட்டைத் தீர்த்துவிட்டு எழுந்தார்கள். மிஞ்சியது நானும் அவரும்.

என் கையில் இரண்டே சீட்டு: ஒரு கிளாவர், டைமண்ட் ரெண்டு. என் முறை. அவரிடம் கிளாவர் இல்லை, டைமண்ட் உண்டு என்று எனக்குத் தெரியும். கிளாவரைப் போட்டால் அவர் வெட்டுவார், அட்டை எனக்கு. டைமண்டைப் போட்டால் அட்டை அவருக்கு. அவர் பின்னால் நின்ற செல்வி, கிளாவரைப் போடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் இந்த மனிதர் ஜெயிக்கவில்லை. லீவு கேட்கிறவர்களும் ஷிப்ட் மாற்றம் கேட்கிறவர்களும் தோற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நானும் பெண்ணுக்காகத் தோற்க வேண்டுமா? எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது.

டைமண்ட் ரெண்டைப் போட்டேன். அவர் எட்டைப் போட்டார், இரண்டும் ஆட்டத்தை விட்டுப் போயின; பெரிய சீட்டு அவருடையது என்பதால் அடுத்து ஓர் ஆர்ட்டினை இறக்கினார். என் கிளாவரால் வெட்டினேன்.

"அள்ளுங்க சார். இப்ப எந்தச் சங்குன்னு கேக்க வேணாம். நீங்கதான் கழுதை."

அவர் அட்டையை மாட்டிக்கொண்டு போட்டோவில் நின்றார். நான் பெண் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் யார் இருந்தது? எட்டு மாதம் அவர் என்னோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வி ஒரு மாதம் பேசவில்லை. ஒன்பதாம் மாதம் அவரே என் மெஷின் பக்கம் வந்தார்.

"பொண்ணு கேட்டு நாலு பேரு வந்துட்டானுங்க. எல்லார் கூடவும் ஒரு கை ஆடிப் பார்த்தேன். நாலு பேரும் வேணும்னே தோத்தானுங்க. பேஜாராப் போச்சு. ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வா. சீட்டுக்கட்டு எடுத்துக்கினு வா."

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் மாமனார் வீட்டில் இலையில் உட்கார்ந்ததும், சமையலறையில் குக்கர் விசிலடித்தால் அவர் என் கையைப் பிடித்து நிறுத்துவார். "மாப்ள, அவசரப்படாத. அது நம்மூட்டு குக்கரா, பக்கத்தூட்டு குக்கரான்னு பாத்துக்கினு துன்னு." வீடே சிரிக்கும். செல்விதான் அதிகமாகச் சிரிப்பாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வேன்: "போர்டுல சங்குன்னு மட்டும்தான் மாமா இருந்துச்சு."