மூன்று ரிங் விட்டால் தள்ளி உட்கார வேண்டும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மழை பெய்தது.
2. கடலூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வரவிருந்தவர்களால் சிதம்பரத்துக்கு வர முடியவில்லை.
3. "அதனால என்ன, இன்டர்நெட் இருக்கே" என்று நான் சொன்னேன்.
4. மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்காவின் முகம் ஏழு விநாடி தெரிந்தது.
5. என் முகம் கால் மணி நேரம் தெரிந்தது.
6. தப்பு மழையுடையது அல்ல, இன்டர்நெட் கம்பெனியுடையதும் அல்ல.

ஆறாவதை ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது.

நான் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்தவள். இது நடந்தது 2010இல். அந்த வருடம்தான் படிப்பை முடித்திருந்தேன். பட்டத்திலேயே கம்யூனிகேஷன் என்று இருந்ததால், வீட்டில் யாருக்கு எந்தத் தகவல் போய்ச் சேராவிட்டாலும் அது என் இலாகா என்று அப்பா நினைத்தார். (கேபிள் டி.வி. தெரியாததும் தபால் வராததும் இதில் அடக்கம்.) நானும் மறுக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு இலாகா கிடைப்பது பெரிய விஷயம்.

வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கியது என் யோசனை. டெலிபோன் லைனிலேயே வரும் இணைப்பு. எங்கள் வீட்டில் இரண்டு ஃபோன்கள்: ஒன்று ஹாலில், இன்னொன்று சமையலறை வாசலில், அம்மாவுக்காகப் போட்ட பேரலல் கனெக்‌ஷன். இணைப்பு கொடுக்க வந்த லைன்மேன், தீப்பெட்டி அளவில் இரண்டு வெள்ளை டப்பாக்களைக் கொடுத்து, ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒன்று மாட்ட வேண்டும், அதற்குப் பெயர் ஃபில்டர், அது இல்லாவிட்டால் ஃபோன் அடிக்கும்போது நெட் அறுந்துவிடும் என்று சொன்னார். ஃபில்டர் பற்றி என்னிடமே ஒருவர் பாடம் எடுப்பதா? நான் அதில் பரீட்சை எழுதி எண்பத்தொரு மார்க் வாங்கியவள் என்று அவரிடம் சொன்னேன். அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹால் ஃபோனுக்கு ஒன்றை மாட்டினேன். மற்றதை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததோ, அதேதான் இருந்தது. திருப்பி மூட வரவில்லை. மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு மறந்துபோனேன். அப்போதெல்லாம் எல்லோர் கையிலும் செல்ஃபோன் வந்துவிட்டதால் லேண்ட்லைனுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு அழைப்புகள் வந்தாலே அதிகம். எப்போதாவது நெட் அறுந்தால் கம்பெனியைத் திட்டுவேன். உலகமே அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

இப்போது அக்கா. அவள் பெயர் கலைச்செல்வி. காட்டுமன்னார்கோயிலில் பள்ளி ஆசிரியை. அதற்கு முன் இரண்டு வரன்களை வேண்டாம் என்றிருந்தாள். இரண்டாவதாகப் பெண்ணாடத்திலிருந்து வந்தவர், உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் தன் பைக் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. மூன்றாவது வரன் செந்தில். சொந்த ஊர் கடலூர், வேலை கத்தாரில். அப்பாவின் தங்கை வசந்தா அத்தை கொண்டுவந்த இடம். அத்தையின் வீடும் செந்திலின் வீடும் ஒரே தெரு. அத்தை கொடுத்த அவர் போட்டோவை மட்டும் அக்கா தன் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்திருந்தாள். அப்படி வைத்திருப்பதைப் பார்த்தது வீட்டில் நான் ஒருத்திதான்.

பார்க்க வருவதாக இருந்த அன்று காலையில் ஆலப்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடியது. பஸ் இல்லை, கார்காரர்களும் வர மறுத்துவிட்டார்கள். செந்திலுக்கு மறுநாள் விமானம். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். பெண்ணைப் பார்க்காமல் பையன் கிளம்பினால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டார். ஆளைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று அக்காவும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டிய பட்டுப்புடவையை அவிழ்க்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் புடவையைப் பார்த்துத்தான் நான் மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னேன்.

செந்தில் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது, கேமரா இருந்தது. எங்களிடமும் இருந்தன. (மைக் மட்டும் வாங்கிய நாளிலிருந்தே பேசவில்லை.) ஒரே ஒரு சிக்கல்: படம் அங்கே தெரிகிறதா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? டைப் செய்து சொல்லலாமே என்றார் அப்பா. நான் பொறுமையாக விளக்கினேன்: இணைப்பு அறுந்துவிட்டால், அறுந்துவிட்டது என்ற செய்தியை அறுந்த இணைப்பிலேயே அனுப்ப முடியாது. அதற்குத் தனி வழி வேண்டும். அப்பா என்னைப் பெருமையோடு பார்த்தார். அந்தப் பார்வை மட்டும் இல்லாதிருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன்.

தனி வழி என்று நான் கண்டுபிடித்தது மிஸ்டு கால். அத்தை மாப்பிள்ளை வீட்டில் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எங்கள் செல்ஃபோன்களுக்கு மழை நாளில் மொட்டை மாடியில்தான் சிக்னல் என்பதால் லேண்ட்லைனுக்கு ரிங் விடுவார். ஒரு ரிங் விட்டு வைத்தால் படம் நன்றாகத் தெரிகிறது. இரண்டு ரிங் என்றால் தெரியவில்லை. மூன்று ரிங் என்றால் முகம் மிகப் பெரிதாகத் தெரிகிறது, பெண்ணைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் எக்காரணம் கொண்டும் ஃபோனை எடுக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டினேன். அத்தைக்கு ஃபோனில் இரண்டு முறை சொல்லி, ஒப்பிக்கவும் வைத்தேன்.

அதாவது, ஃபோன் அடித்தால் அறுந்துவிடும் ஒரு இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய, ஃபோன் அடிக்க ஏற்பாடு செய்தேன்.

பத்தரை மணிக்கு எல்லாம் தயார். அம்மா கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்திருந்தார். யார் சாப்பிட என்று கேட்டதற்கு, பெண் பார்க்கிறதென்றால் பஜ்ஜி இருக்க வேண்டும் என்று சொல்லி, தட்டைக் கேமராவுக்கு நேராக வைத்தார். அப்பா மானிட்டருக்கு எதிரே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

இணைப்பு கிடைத்தது. திரையில் செந்தில், அவர் பின்னால் அவருடைய அம்மா, ஓரத்தில் அத்தையின் பாதி. அப்பா மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டார். மானிட்டரும் கும்பிட்டது. அக்கா காபித் தட்டோடு வந்து கேமராவுக்கு முன்னால் நின்று, தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் லேசாக நீட்டி, சிரித்தாள். அழகாக இருந்தாள். அத்தைக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபோன் ஒரு ரிங் அடித்து நின்றது.

"தெளிவா தெரியுதாம்" என்றேன் வெற்றியோடு. திரும்பிப் பார்த்தால் மோடத்தில் பச்சை விளக்கு அணைந்திருந்தது. செந்தில் கண்ணை மூடிய நிலையில் உறைந்திருந்தார்.

அணைந்த விளக்கு மறுபடி நிலைக்க ஒன்றரை நிமிடமாவது ஆகும். அது எரியப்போகும் நேரத்தில், அங்கே படம் போய்விட்டதைப் பார்த்த அத்தை பொறுப்பாக இரண்டு ரிங் விட்டார். விளக்கு அணைந்தது. "தெரியலையாம்" என்று அறிவித்தேன். மறுபடி ஏறி வந்தது, மறுபடி இரண்டு ரிங், மறுபடி அணைந்தது. அத்தையைப் போல ஒழுங்காக நடந்துகொண்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. உண்மையில் எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான். இன்டர்நெட் சரியில்லை, ஆனால் என் ரிங் ஏற்பாடு எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அதான் தெரியலன்னு எங்களுக்கே தெரியுதேடி" என்றார் அம்மா.

லைனில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். டெஸ்டரை எடுத்து, சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைக் கழற்றி, கம்பி முனைகளைச் சுரண்டினேன். இரண்டு கையாலும் கம்பியை முறுக்க வேண்டியிருந்ததால் டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டேன். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மோடத்தைப் பார்க்க மேஜை மேல் குனிந்த அந்த நேரத்தில் இணைப்பு வந்துவிட்டது. கேமராவுக்கு நேராக, அரை அடி தூரத்தில், பல்லுக்கு நடுவே டெஸ்டரோடு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான்.

அத்தை பதறிப்போய் மூன்று ரிங் விட்டார்.

முதல் ரிங்கிலேயே விளக்கு அணைந்தது. இந்த முறை மட்டும் படம் போகவில்லை, என் முகம் கடலூரில் அப்படியே உறைந்து நின்றது.

இங்கே எங்களுக்கு அது தெரியாது. "மூணு ரிங். மொகம் ரொம்பப் பெருசா தெரியுதாம், நீ தள்ளி ஒக்காருக்கா" என்றேன், டெஸ்டரை எடுக்காமலே. அக்கா நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்தாள். அங்கே டெஸ்டர் கவ்விய முகம் அப்படியே இருந்தது. மறுபடி மூன்று ரிங். அக்கா சுவரோரம் போனாள். மறுபடி மூன்று ரிங். அப்பா குழம்பிப்போய் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அவ்ளோ பெருசாவா இருக்கு?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா காதிலும் விழுந்தது. கண் கலங்கியது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலைத் தாண்டி, சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கேமரா ஒரு புள்ளி. கேமராவிலிருந்து பார்த்தால் அக்கா ஒரு புள்ளி.

அவள் தலைக்குப் பக்கத்தில், சமையலறை ஃபோன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது ரிங்குக்கு என் தாளில் அர்த்தம் எழுதவில்லை. அக்கா எடுத்துவிட்டாள்.

"அத்த, இதுக்கு மேல தள்ளணும்னா நான் கொல்லையிலதான் போய் ஒக்காரணும். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்க."

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசியது அத்தை அல்ல. செந்தில். அத்தையின் கையிலிருந்து செல்ஃபோனை வாங்கி அவரே கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னதை அக்கா பின்னால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"ஸ்கிரீன்ல ஒரு பொண்ணு டெஸ்டர வாயில வச்சிக்கினு இருக்குதுங்க. கால் மணி நேரமா அப்பிடியேதான் இருக்குது. ஷாக் கீக் அடிச்சிடுச்சான்னு பயமா இருக்கு, யாராச்சும் கொஞ்சம் போய்ப் பாருங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். டெஸ்டர் இன்னும் என் வாயில்தான் இருந்தது. கண்ணில் நின்ற தண்ணீரோடேயே சிரிக்க ஆரம்பித்தாள். "அது என் தங்கச்சிங்க. உயிரோடதான் இருக்கா" என்றாள்.

நான் நாற்பது நிமிடம் அந்த மோடத்தோடு மல்லுக்கட்டினேன். ஃபில்டர் இல்லாத ஃபோனில் அக்கா பேசிக்கொண்டிருக்கும் வரை அது வரவே வராது என்பது எனக்குத் தெரியாது. நடுவில் ஒருமுறை, வைத்துவிட்டு வா, நெட் வரப்போகிறது என்று கையைக் காட்டினேன். அவள் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்பா காலண்டரில் நல்ல நேரம் எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்து, கேமராவுக்கு வைத்த பஜ்ஜியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஃபோனை வைத்துவிட்டு வந்த அக்கா, "சரின்னு சொல்லிடும்மா" என்றாள்.

"ஆளையே சரியா பாக்கலியேடி" என்றார் அம்மா.

"போட்டோல பாத்தாச்சே. முன்ன பின்ன தெரியாத ஒருத்திக்கு ஷாக் அடிச்சிடுச்சோன்னு பயந்து ஃபோன் பண்றாரு. போதும்."

அங்கே செந்திலின் அம்மா, கடைசி வரை டெஸ்டர் கவ்வியவள்தான் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். "வீட்டு வேல எல்லாம் தெரிஞ்ச பொண்ணு மாதிரி இருக்கு" என்று அவரும் சம்மதித்துவிட்டார். அது தங்கச்சி என்பதை அத்தை அன்று சொல்லவில்லை, நிச்சயம் முடிந்த பிறகுதான் சொன்னார்.

அடுத்த வாரம் என் புகாரின் பேரில் லைன்மேன் வந்தார். நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். "இதுக்கு ஃபில்டர் குடுத்தேனே, எங்கம்மா?" என்றார். எனக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். "தெரியலைங்களே" என்றேன். எண்பத்தொரு மார்க்கும் அப்போது உதவவில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டிவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து, கல்யாணத்துக்காக லீவு வாங்கி வந்த செந்தில் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் பந்தியில் வைத்துச் சொன்னார். இரண்டு ஊர் சொந்தக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்து வீட்டில் மிக்ஸி நின்றாலும், டி.வி. மங்கினாலும், ஃப்யூஸ் போனாலும், நான் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே யாராவது ஒருவர், "நீ கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்று சொல்லிவிடுவார்கள்.

அக்காவும் மாமாவும் கத்தாரில் இருக்கிறார்கள். இரண்டு பெண் குழந்தைகள். நான் சென்னையில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சிதம்பரம் வீட்டில் இன்டர்நெட் இப்போது அறுவதில்லை. அதை அம்மா பார்த்துக்கொள்கிறார்.