சுற்றுகிற நாற்காலி

ஓய்வு பெற்ற மறுநாளே ஆத்மநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி உட்கார்ந்த இடத்திலிருந்தே சம்பாதிப்பது. உடனே புதுக்கோட்டைக்குப் போய், சுற்றுகிற நாற்காலி ஒன்றை வாங்கிவந்தார். என்ன தொழில் என்பதை அதில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தார்.

மனைவி புவனேஸ்வரி முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். அவர்கள் ஊரான அரிமளத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் முதியவர்கள் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில், சென்னையில். நோயாளியின் வீட்டுக்கே போய்க் கவனிப்பதென்றால் கட்டடம் வேண்டாம், கட்டில் வேண்டாம். புவனேஸ்வரி போவார், இவர் போனை எடுப்பார். லாபம் ஆத்மநாதனின் கண் முன்னால் சுற்றியது. நாற்காலியும் கூடவே சுற்றியது.

“நான் வெயில்ல அலையணும், நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பீங்களா?” என்று கேட்டார் புவனேஸ்வரி.

“நிர்வாகம்னா அப்படித்தான் புவனா.”

புவனேஸ்வரி அதற்குமேல் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று ஆத்மநாதன் எடுத்துக்கொண்டார். அவர் இல்லறத்தில் செய்த பெரிய தவறுகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருந்தன.

அன்று மாலையே காப்பி குடித்தபடி நோட்டீஸ் எழுதினார். புண்ணுக்குக் கட்டுப் போட இருநூறு, ஊசிக்கு நூறு, குளிப்பாட்டிவிட முந்நூறு. அடியில் கொட்டை எழுத்தில், ‘ஒரு மணி நேரப் பேச்சுத்துணை இலவசம்.’ அந்தக் கடைசி வரியில் அவருக்குத் தனிப் பெருமை. ஐந்நூறு பிரதி அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்.

முதலில் கூப்பிட்டவர் மீனம்மாள். எண்பது வயது, காலில் சர்க்கரைப் புண். கட்டுப் போட இருபது நிமிடம். பேச்சு இரண்டு மணி நேரம். அடுத்த வீட்டிலும் அதே கதை. ஒரு நாளைக்கு எட்டு வீடு என்று போட்ட கணக்கில் மூன்றுதான் தேறியது.

“கட்டப் போட்டமா, கெளம்புனமான்னு இருக்கணும்” என்றார் ஆத்மநாதன்.

“அச்சடிச்சுக் குடுத்துட்டீங்களே. சொன்ன சொல் மாறலாமா?” புவனேஸ்வரி அவர் தட்டில் மோர் ஊற்றினார். “ஒண்ணு பண்ணலாங்க. காசு வேலைய முடிச்சிட்டு நான் அடுத்த வீட்டுக்குப் போறேன். இலவசத்த நீங்க பாத்துக்கங்க.”

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் வம்பு.

மறுநாள் ஆத்மநாதன் மீனம்மாளின் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். மீனம்மாள் தொலைந்துபோன பசுவில் தொடங்கினார். ஆத்மநாதன் நடுவில் யோசனை சொல்ல வாயெடுத்தால், “பொறு தம்பி, இன்னும் முடிக்கல” என்று நிறுத்தினார். ஒருவர் பேசி முடிக்கும்வரை ஆத்மநாதன் காத்திருந்தது அதுவே முதல் தடவை. பசு கிடைக்கவில்லை. ஆனால் பேசி முடித்ததும் மீனம்மாள், இரண்டு நாளாகத் தொடாமல் வைத்திருந்த மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கினார். புண்ணைவிட அந்தப் பேச்சுத்தான் ஆறாமல் கிடந்ததோ என்று ஆத்மநாதனுக்குத் தோன்றியது. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு மாதத்தில் புண் ஆறியது. சிங்கப்பூரிலிருந்து மீனம்மாளின் மகன் பேசினான். கட்டு இனி வேண்டாம். சார் மட்டும் தினமும் வரட்டும், மாதம் ஆறாயிரம் தருகிறேன். சேதி பரவி, வேறு நான்கு வீடுகளிலும் அதையே கேட்டார்கள். தொழிலில் லாபம் வந்தது. அவர் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பிற்பகல், ஐந்தாவது வீட்டிலிருந்து வியர்த்து வந்து சேர்ந்தார். ஃபேனுக்குக் கீழே, அவருடைய நாற்காலியில் புவனேஸ்வரி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். சாருக்கு நாளை நாலு மணிக்கு மேல்தான் நேரம் இருக்கிறதாம்.

ஆத்மநாதன் தரையில் உட்கார்ந்தார். “அந்தக் கடைசி வரிய மட்டும் நான் எழுதாம இருந்திருந்தா” என்று பெருமூச்சு விட்டார்.

புவனேஸ்வரி போனை வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் மெல்லத் திருப்பினார்.

“அது நான் சொன்னதுங்க. காப்பி கொண்டாந்து வச்சப்ப சொன்னேன். அன்னிக்குக் காது குடுத்துக் கேட்டிருந்தா ஒங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.”