ஓடாத பரிசு

ஃபேன் மறுபடியும் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. இறக்கை ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், நட்டுகள் எல்லாம் சூப் கிண்ணத்தில்.

யூசிமி மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். ஒன்றரை வயது மகள் கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு அழுது அழுது தொண்டை கம்மிக் கிடந்தாள். ஆகஸ்ட் மாதம். சியென்ஃபுவேகோஸ் நகரம் கடல் பக்கத்தில் இருந்தாலும் காற்று மட்டும் மாடி ஏறி வராது. வீட்டில் இருப்பதோ ஒரே ஃபேன். பகலில் அது சுற்றாவிட்டால் பிள்ளை தூங்காது. பகலில் தூங்காத பிள்ளை இரவில் யாரையும் தூங்க விடாது.

"மாமா, நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?"

"நேத்து ஓடிச்சும்மா. காலையில போட்டா கடகடன்னு ஒரு சத்தம். திறந்து பாக்காம எப்படி?" என்றார் மாமனார் எவேலியோ, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "ஓடுற சாமானை நான் எதுக்குத் திறக்கப் போறேன்? நான் இன்ஜினீயர்ம்மா."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ஆலையில் மெக்கானிக்கல் இன்ஜினீயராக இருந்து மார்ச்சில் ஓய்வுபெற்றார். அன்றிலிருந்து வீட்டில் ஏதாவது ஒன்று அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்காத நாளே இல்லை. அவருடைய பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. யூசிமியும் பட்டதாரிதான். கரும்பு வெட்டிய பரம்பரையில் முதல் பட்டம். அது அலமாரியில் பிள்ளையின் துணிகளுக்கு அடியில் கிடந்தது. மாட்ட ஆணி வேண்டும் என்று கேட்டால் அவர் சுவரையே கழற்றுவார் என்று பயந்து அவள் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை இந்த ஃபேனை மேஜைமேல பாத்தேன், பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன் மாமா. சொல்லிட்டேன்."

அம்மா வீடு என்பது ஒரே அறை. அதில் ஏற்கெனவே ஐந்து பேர். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மாமியார் நெரெய்தா அடுக்களையிலிருந்து காபியோடு வந்தார். "குடி கண்ணு," என்றார். அத்தை எப்போதும் அவ்வளவுதான் பேசுவார்.

வரதேரோ என்ற ஊரில் ஹோட்டல் சமையல்காரனாக இருந்த கணவன் ஒஸ்மானி தொலைபேசியில் சிரித்தான். "சனிக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள். நல்ல ஸ்பேனர் செட்டா வாங்கிக் குடேன். இன்ஜினீயருக்கு வேற என்ன வேணும்?"

"ஸ்பேனர் வாங்கிக் குடுத்த கூத்து தந்தையர் தினத்துக்கே முடிஞ்சுது. அதுவரைக்கும் கருவி இல்லாம விட்டு வெச்சிருந்த தண்ணி மோட்டாரையும் திறந்துட்டாரு உங்கப்பா. இந்தக் கட்டடமே வாளியில தண்ணி சுமந்தது, என் பேரைச் சொல்லிக்கிட்டே."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதருக்குக் கருவி கொடுக்கக் கூடாது. நோயாளியைக் கொடுக்க வேண்டும். எதற்கும் உதவாத, செத்துப்போன சாமான் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டட்டும், ஃபேன் பிழைக்கும்.

ஆனால் இந்த ஊரில் ஒரு சாமானை ரிப்பேர் செய்வது பெரிய விஷயமில்லை. ரிப்பேர் ஆகாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய விஷயம்.

மருந்துக்கடையில் கூட வேலை பார்த்தவள் ஓடாத மிக்ஸி ஒன்றைக் கொடுத்தாள். இரண்டாம் மாடி வரைதான் அது ஓடாத மிக்ஸி. அங்கே பல் டாக்டர் மகாலிஸ் கதவைத் திறந்தார்.

"கையில என்னடி?"

"மிக்ஸி, டாக்டர். ஓடாது."

"குடு பாப்போம்."

"வேண்டாம், ஓடாமதான் வேணும்!"

"எங்கிட்ட என்னடி கூச்சம்?"

பல் குடையும் ஊசியால் இரண்டு குடை குடைந்தார். மிக்ஸி அலறியது. சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க மாம்பழத்தோடு யூசிமி வீட்டு வாசலில் வரிசை நின்றது.

அடுத்து ஒரு தையல் மெஷின். குதிரைவண்டியில் ஏற்றினாள். சக்கரம் சுற்றாது என்று தெரிந்ததும் வண்டிக்காரர் நடுரோட்டில் குதிரையை நிறுத்தினார்.

"ஐயோ அண்ணே, தொடாதீங்க!"

"ரெண்டே நிமிஷம் தங்கச்சி. பாத்துக்கிட்டு சும்மா உக்கார முடியுமா?"

வண்டியில் உடன் வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு பெண் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். மெஷின் புதுசுபோல ஓடியது. யூசிமி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வாரம் ஃபேன் தப்பியது. அவள் போட்ட சத்தத்துக்கு அவ்வளவாவது மரியாதை. இஸ்திரிப் பெட்டியும் காபிக் குடுவையும் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போய் ஒரு மீனவரைப் பிடித்தாள். புயலில் மூழ்கிய படகிலிருந்து எடுத்த எஞ்சின் ஒன்று அவரிடம் இருந்தது. துருவும் சிப்பியும் அப்பிக்கிடந்தது.

"இதை யாராச்சும் ரிப்பேர் பண்ணப் பாத்தாங்களா?"

"யார்தான் பாக்கல? என் அண்ணன், மச்சான், கடற்படை ஆளு ஒருத்தன். எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. இது பொணம், தாயி."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

ஒரு மாதத்தில் முதல் தடவையாக யூசிமி சிரித்தாள். போர்வையால் இறுக்கிச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், விருந்துக்கு அடித்த பன்றி என்றாள். பன்றியை யாரும் ரிப்பேர் செய்ய முடியாது.

சனிக்கிழமை போர்வையை விலக்கியதும் எவேலியோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பேத்தியின் கன்னத்தைத் தொடுவதுபோல அதைத் தொட்டார்.

"ஓடாதாம்மா?"

"ஓடவே ஓடாது மாமா."

"சுத்தமா?"

"சுத்தமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும். ஆறு மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

பல் டாக்டர் கேக் தட்டைக் கீழே வைத்தார். கேக்கைக் கொண்டுவந்து இறக்கிய குதிரைவண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். "தள்ளுங்க இன்ஜினீயர், அந்த மூடியை நான் பிடிக்கிறேன்." முதல் மாடியிலிருந்து நான்கு பேர் ஏறி வந்தார்கள். கறுப்பு பீன்ஸ் சாதம் ஆறியது. ரம் தீர்ந்தது. வீடு முழுக்கப் புகை. எஞ்சின் ஒருமுறை இருமியது, இன்னொருமுறை இருமியது, பிறகு ஓடியே விட்டது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"எப்பேர்ப்பட்ட பரிசும்மா!" என்று எவேலியோ கத்தினார். யூசிமி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளி ஒரே மாலையில் குணமாகி வீட்டுக்குப் போகத் தயார். இனி ஃபேன்தான். அதன் பிறகு அம்மா வீடுதான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல், மாமனார் எழுவதற்கு முன்னே எழுந்தாள். ஃபேனைத் தூக்கித் தன் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட வேண்டும். மேஜைப் பக்கம் விளக்கு எரிந்தது. ஃபேனின் முதுகு திறந்திருந்தது. அதன்மேல் குனிந்திருந்தது மாமனார் இல்லை. இரவு உடையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் வெண்ணெய்க் கத்தியோடு, நெரெய்தா.

"அத்தை?"

நெரெய்தா பதறவில்லை. ஒரு நட்டைக் கழற்றி உள்ளேயே உருட்டிவிட்டார். குலுக்கிப் பார்த்தார். கடகடவென்றது.

"மெதுவாப் பேசு கண்ணு, அவரு முழிச்சுக்குவாரு," என்றார். "மார்ச்சுலேர்ந்து தினமும் ஏதாவது ஒண்ணை நான்தான் கெடுத்து வைக்கிறேன், வீட்டுல பழுது இல்லாத அன்னிக்கு அந்த மனுஷன் என்னை ரிப்பேர் பண்ண வந்துடறாரு."