ஒரு நாற்காலி, இரண்டு எக்ரோத்

விழா ஆறு மணிக்கு. நாலரைக்கே குன்வோர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மேடையில் சிறப்பு விருந்தினர் நாற்காலி ஒன்று, பூங்கொத்து ஒன்று, 'டி. எக்ரோத்' என்று பொறித்த வெள்ளித் தட்டு ஒன்று. வந்து இறங்கியிருந்த எக்ரோத்களோ இரண்டு பேர்.

ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரில் ஒரு நாடக அரங்கின் செயலாளர் அவள். "டி. எக்ரோத்தைக் கூப்பிட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலாளர் ஹென்னிங் படகை எடுத்துக்கொண்டு தீவுப் பக்கம் போய்விட்டார். நாடக நடிகை டெக்லா எக்ரோத்தா, சினிமா இயக்குநர் டோர்ஸ்டன் எக்ரோத்தா? இரண்டு பேருக்கும் உறவுகூடக் கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று இருவருக்குமே எழுதிப்போட்டாள். ஒருவராவது வராமல் இருந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

ஹென்னிங் வெயிலில் சிவந்த மூக்கோடு திரும்பி வந்தார்.

"டெக்லாதான், வேற யாரு? அந்த ஆளு நம்ம மேடையில கால்கூட வச்சதில்லையே! போதாக்குறைக்கு ரெண்டு பேருக்கும் ஆகாது."

"ஏன்?"

"தனக்கு வர்ற கடுதாசியெல்லாம் அந்த ஆளு வீட்டுக்குப் போயிடுதுன்னு அந்தம்மா முப்பது வருஷமா கத்துறாங்க!"

குன்வோர் ஓடினாள். கக்கத்தில் ஒரு பெட்டியோடு வந்திருந்த எக்ரோத் பெரியவரை உடை அறையில் உட்காரவைத்து, காபியும் இலவங்கப்பட்டை பன்னும் கொடுத்து, "விழா ஏழு மணிக்குத்தான்" என்று ஒரு பொய்யையும் சொன்னாள். அதுவும் போதாதென்று வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

அந்த அறைக்கு இன்னொரு கதவு உண்டு. கைதட்டல் கேட்டதும் பெரியவர் அதைத் திறந்தார். நேரே மேடை. எதிரே நானூறு பேர்.

"ஓஹோ! நீங்கதானா இன்னொரு எக்ரோத்?" டெக்லா எழுந்தே விட்டாள். "என் கடுதாசிங்க எங்கய்யா?"

பெரியவர் கக்கத்தில் இருந்த பெட்டியை நீட்டினார். "எல்லாம் இதுல பத்திரமா இருக்கும்மா. முதல்ல தெரியாம பிரிச்சுட்டேன். அப்புறம் படிக்காம இருக்க முடியலை. படிச்சுட்டு எந்த முகத்தோட திருப்பி அனுப்புறது? உங்க மேல இத்தனை பேருக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா?"

டெக்லா ஒன்றை எடுத்துப் படித்தாள். இன்னொன்றையும் படித்தாள். வெளியே கத்தினாளே ஒழிய, தன்னை எல்லாரும் எப்போதோ மறந்துவிட்டார்கள் என்றுதான் உள்ளுக்குள் அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூங்கொத்தில் பாதியைப் பிரித்து அவரிடம் கொடுத்தாள். நாற்காலியிலும் நகர்ந்து இடம்விட்டாள். அரங்கமே எழுந்து நின்றது.

"குன்வோர், திட்டம் போட்டுத்தான் ரெண்டு பேரையும் வரவழைச்சியா? கெட்டிக்காரிடி!" என்று ஹென்னிங் மூக்கைச் சிந்தினார். குன்வோருக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்போது டிக்கெட் கவுண்டர் மாய்க்கென் மூச்சிரைக்க வந்து அவள் காதருகே குனிந்தாள்.

"டைரக்டர் எக்ரோத் போன்ல இருக்கார். ரேடியோவுல விழாவைக் கேட்டாராம். அவருக்கும் தபாலே வர்றதில்லையாம். எல்லாம் அதே பேர்ல இருக்கிற ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போயிடுதாம்!"