நூலகத்துக்குள் உடைந்த பூசணிக்காய்

கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு யார் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் மட்டையைத் தொட்டதே இல்லை. அந்த வரிசையில் என்னையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வழிபாட்டுச் சடங்குகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் கற்பூரத்தை அணையாமல் காட்ட எனக்குத் தெரியாது. (இப்போதும் தெரியாது. பட்டம் கொடுத்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.)

ஆண்டிமடத்தில் எங்கள் வீட்டில் நான் ‘படிக்கிற புள்ள’. படிக்கிற பிள்ளை விளக்கு துலக்க வேண்டாம், பூசைத் தட்டைத் தொட வேண்டாம். எல்லாவற்றையும் அம்மா பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பை என் அத்தை, அதாவது மாமியார், எடுத்துக்கொண்டார். எனக்கு விட்டுவைத்த ஒரே சடங்கு சுண்டல் சாப்பிடுவது. அதைக் குறையில்லாமல் செய்தேன். அப்படிப்பட்டவள் ஆய்வுக்குச் சடங்குகளை எடுத்ததற்குக் காரணம் வெறும் சோம்பேறித்தனம். எல்லாம் வீட்டைச் சுற்றியே நடக்கிறது, அலைய வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

அலைய வைப்பதற்கு என் நெறியாளர் இருந்தார். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். தங்கமானவர், ஆனால் அச்சில் வராத எதையும் நம்ப மாட்டார். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பதைப் பற்றி ஓர் இயல் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இதுக்கு ஆதாரம் எங்கம்மா?”

“எல்லா ஊர்லயும் இப்படித்தானே மேடம் செய்யறாங்க.”

“ஊரு செய்யறதெல்லாம் ஆதாரம் ஆயிடுமா? நூல் வேணும், பக்க எண் வேணும்.”

“உங்க வீட்டு வாசல்லயே அமாவாசைக்கு உடைச்சிருந்தாங்களே மேடம், நானே பாத்தேன்.”

“என் வீட்டு வாசலுக்குப் பக்க எண் இருக்கா?”

அதோடு விடவில்லை. என் ஆய்வுக் காலம் முடிந்துபோய், நீட்டிப்புக்கு விண்ணப்பம் எழுதி அவர் மேசைமேல்தான் வைத்திருந்தேன். பூசை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற அன்று பூசணிக்காய்க்கு ஒரு நூலாதாரத்தோடு வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்றார். கையெழுத்து இல்லையென்றால் பதிவு ரத்து. அத்தனை வருடப் படிப்பும் ஒரு காயில் போய் நின்றது.

நூலகம் நூலகமாக ஏறத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நம் பக்கத்தில் ஒரு பெண் போய், “திருஷ்டி கழிக்கிறதைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்குங்களா?” என்று கேட்டால், அவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒருவரும் நினைப்பதில்லை. முதல் நூலகத்தில் இருந்த அம்மா, புத்தகம் தேடாமல் என் முகத்தைத்தான் தேடினார்.

“வூட்ல என்னம்மா கஷ்டம்?”

“கஷ்டம் ஒண்ணும் இல்லைங்க. ஆராய்ச்சி.”

“அப்படித்தான் சொல்லுவாங்க. யாரு, ஓரகத்தியா?”

அடுத்த இடத்தில் ஒருவர் தாயத்து கட்டுகிறவரின் கைபேசி எண்ணைக் கொடுத்தார். சிறுவாச்சூரில் கோயில் பக்கம் புத்தகம் விற்கும் கடைக்காரர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து, “பைக்குள்ளயே இருக்கட்டும், திரும்பிப் பாக்காம போங்க” என்றார். நானும் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். என் கணவர் ஆண்டிமடத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் நான் வீடு திரும்பியதும் அவர் கேட்கும் கேள்வி, “இன்னைக்கு ஆதாரம் கெடைச்சுதா, இல்ல பழம்தானா?” என்பது. அந்த வாரம் எங்கள் வீட்டில் தினமும் எலுமிச்சை சாதம்.

கடைசியில் யாரோ ஒரு நூலகர் யாரிடமோ விசாரித்து, ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் வீட்டுச் சடங்குகள், தொழிற்சடங்குகள் பற்றிய பழைய தடிப் புத்தகம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.) நான் போன நாள் ஆயுத பூசைக்கு முந்தின நாள். மறுநாளிலிருந்து வரிசையாக விடுமுறை. அன்று விட்டால் புத்தகம் இல்லை, புத்தகம் இல்லையென்றால் நான் இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. நூலகம் ஒரே அறை. நடுவில் கூரை ஒழுகி, கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பரப்பி, பூசை ஏற்பாடு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நூலகர் ஐம்பது வயதுக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“இருக்கே. அதா இருக்கு பாருங்க.”

பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து புத்தகங்களை அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, மேலே சாமந்திச் சரம் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். என் புத்தகம் அந்த அடுக்குக்கு அடியில் இருந்தது.

“நல்லா கனமா, பட்டையா இருந்திச்சு. மத்ததெல்லாம் சாயாம நிக்கட்டும்னு அத அடியில குடுத்தேன்.”

“ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தந்துடறேன் சார்.”

“சந்தனம் வச்சாச்சும்மா. இனிமே மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். லீவெல்லாம் முடிஞ்சு தொறக்கறப்ப போடுவோம், அப்ப வாங்க.”

பூசையில் வைத்த புத்தகத்தை மறுபூசை முடியும்வரை படிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? என் ஆய்வேட்டிலேயே எழுதியிருக்கிறேன். எழுதியபோது மிக அழகான வழக்கமாகத் தோன்றியது. அன்று எரிச்சலாக வந்தது.

“சார், நான் சடங்குலதான் ஆராய்ச்சியே பண்றேன்” என்று என் பெருமையை எடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நூலகர் எழுந்து நின்றுவிட்டார். வழக்கமாக வரும் பூசாரியை அன்று லாரி பட்டறைக்காரர்கள் காலையிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

“அப்ப நீங்களே பூசை போட்டுடுங்களேன்மா. தெரிஞ்சவங்க செஞ்சா நல்லதுதானே.”

மூலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். நடேசன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், நூலகம் திறக்கும் முன்பே வந்துவிடும் வாசகர். “புள்ள ஆராய்ச்சி பண்ணுது. செய்யட்டும்” என்று அனுமதி கொடுத்தார்.

என் மூளை அப்போது கோணல் வழியில் வேகமாக வேலை செய்தது. பூசை நான் போடுவதாக இருந்தால், கையோடு மறுபூசையையும் நானே போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால் என்ன?

“போடறேன் சார். ஆனா மறுபூசையையும் உடனே போட்டுடலாம். அப்படியும் ஒரு முறை இருக்கு.”

“ஒரே நாள்லயா? எதுல இருக்கு?”

“நூல்லயே இருக்கு.”

“எந்த நூல்ல?”

சுற்றிலும் பார்த்தேன். வேறு எந்த நூலைச் சொன்னாலும் எடுத்துப் பார்த்துவிடுவார்.

“அந்த அடியில இருக்கிற நூல்லதான் சார்.”

நூலகர் யோசித்தார். சரிபார்க்கலாம் என்றால் எடுக்க முடியாது. எடுக்கலாமா என்று தெரிய வேண்டுமானால் சரிபார்க்க வேண்டும். அவர் நெற்றித் திருநீறு சுருங்கி விரிந்தது. நடேசன் நாளிதழை மடித்து வைத்தார். “அதான் புத்தகத்துலயே இருக்குங்குதுல்ல, பெறவு என்ன” என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கல்லூரி திறக்கும் நாளை நினைத்ததும் வெட்கம் போய்விட்டது.

பூசை தொடங்கியது. மணியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி ஆட்டினேன். கற்பூரம் இரண்டு முறை அணைந்தது. (“மூணாவது தடவதான் ஏத்துக்குவா போல” என்று நடேசன் சரஸ்வதியின் சார்பில் சமாதானம் சொன்னார்.) மந்திரம் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் ஆய்வேட்டின் முன்னுரை ஒன்றுதான். அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். நூலகர் கண்மூடிக் கும்பிட்டார்.

பிறகு பூசணிக்காய் வந்தது. மேலே துளைபோட்டு உள்ளே குங்குமம் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி மூடியிருந்தார்கள். உச்சியில் கற்பூரத்தை எரியவிட்டு மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே கொண்டுபோய்த் தெருவில் உடைக்க வேண்டும். இதைப் பற்றித்தான் நான் ஓர் இயலே எழுதியிருந்தேன். ஆனால் ஒரு பூசணிக்காய் இத்தனை கனம் இருக்கும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. வெளியே மழை என்பதால், உள்ளேயே சுற்றிவிட்டு வாசலுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள்.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் நான் ஒழுகலுக்குக் கீழே வந்துவிட்டேன். கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாகக் கற்பூரத்தின் மேல் விழுந்தது. கற்பூரம் அணையாமல் வழுக்கிக்கொண்டு வந்து என் கட்டைவிரலைச் சுட்டது. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? விட்டுவிட்டேன்.

காய் நூலகத்தின் நடுத்தரையில் விழுந்து சிதறியது. வெள்ளைத் துணி, நாற்காலிகள், நாளிதழ், நூலகரின் வேட்டி, என் புடவை எல்லாம் சிவப்பு. சிறுவர் நூல் அடுக்கு வரைக்கும் ஒரு பூசணித்துண்டு போய் உட்கார்ந்தது.

நடேசன்தான் மெதுவாகச் சொன்னார்.

“கழிச்ச திருஷ்டியத் தெருவுல போடாம உள்ளயே கொட்டிப்புடுச்சே புள்ள.”

நூலகரின் முகம் வெளுத்துவிட்டது. “போதும்மா. மறுபூசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பூசாரி வந்து கழிப்புக் கழிக்கற வரைக்கும் பூட்டிடறேன்” என்று சாவியைத் தேடினார். பதிவு ரத்தாகி, படிப்பு பாழாகி, நானும் கைபேசிக் கடையில் உட்கார்ந்து ஸ்கிரீன் கார்டு ஒட்டுவது என் கண்முன் ஓடியது. அழுகை வந்துவிட்டது. கையில் இருந்த குங்குமத்தோடு கண்ணைத் துடைத்ததில் கண் எரிந்து இன்னும் அழுதேன்.

அப்போது நூலகரின் கைபேசி அடித்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார். “சார்... நெசமாவா சார்... எத்தனை வருஷமா சார்...” என்று குரல் உடைந்தது. கைபேசியை வைத்துவிட்டு முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு தரையில் கிடந்த பூசணிக்காயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“கூரை வேலைக்கு உத்தரவு போட்டுட்டாங்களாம்மா.”

நடேசன் உடனே கட்சி மாறினார். “நான் அப்பவே நெனைச்சேன். திருஷ்டி வெளியில இல்லய்யா, உள்ளதான் இருந்திருக்கு. அது இருந்த எடத்துலயே வச்சு ஒடச்சுப்புடுச்சு புள்ள.”

மறுபூசை அந்த நிமிடமே நடந்தது. மணியையும் நடேசனே அடித்தார். நூலகர் துணியை விலக்கி, அடியிலிருந்த புத்தகத்தை உருவி, ஒரு பழத்தோடு என் கையில் கொடுத்தார். எரிகிற கண்ணோடு பக்கங்களைப் புரட்டினேன். பூசணிக்காய் இருந்தது. அதை எழுதியவர், இந்தச் சடங்கு ஊருக்கு ஊர் மாறும், உள்ளூர்க்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்ததாகப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் மிச்சம் இருந்த காயை அவர் மேல் போட்டிருப்பேன்.

கூட்டிப்போக வந்த என் கணவர், வாசலில் என் கோலத்தைப் பார்த்து வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. “யாரையாவது அடிச்சுட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

கல்லூரி திறந்த அன்று, வேறு வழியில்லாமல் அந்த ஒரு வரியையே மேற்கோளாகப் போட்டு, நூல் பெயரும் பக்க எண்ணும் எழுதிக் கொடுத்தேன். மேடம் வரியைப் படித்தாரா என்று தெரியாது. பக்க எண்ணைப் படித்தார். “இதைத்தானேம்மா அப்பவே கேட்டேன்” என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த நூலகத்தில் புதுக்கூரை போட்டாயிற்று. அதற்குப் பிறகு அங்கே பூசணிக்காயைத் தெருவில் உடைப்பதில்லை, அறையின் நடுவில்தான் உடைக்கிறார்கள். உடைப்பதற்கு என்னைத்தான் அழைக்கிறார்கள். கற்பூரத்தை மட்டும் நடேசன் ஏற்றித் தந்துவிடுவார்.

போன வருடம் வேறொரு கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே வந்து கேட்டாள். “உள்ள உடைக்கறது எங்கயும் இல்லாத வழக்கமா இருக்கே. எப்பலேர்ந்துங்க?” உண்மையைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நடேசன் முந்திக்கொண்டார்.

“இது பரம்பரை பரம்பரையா வர்றது பாப்பா. அந்தம்மா வூட்டு ஆளுங்கதான் ஒடைக்கணும். வேற யாரும் தொடக்கூடாது.”

அந்தப் பெண் பயபக்தியோடு எழுதிக்கொண்டாள். நூலகர் தலையாட்டினார். கை சுட்டதால் கீழே போட்டேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நானும் தலையாட்டிவிட்டேன்.

கூட வந்திருந்த என் கணவர் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் இல்லை. நேற்றுச் சாயங்காலம்கூட அத்தை அடுப்படியிலிருந்து மகனிடம் குரல் கொடுத்தார்:

“ஏம்ப்பா, காபி போடறேன், பரம்பரைக்கும் வேணுமான்னு கேளு.”