மாமாவுக்குக் கப்பல் காட்டிய கதை

நன்றாக இருக்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இல்லை. ஒழுங்காக எரிந்த விளக்கைத் தூண்டித் தூண்டியே அணைத்திருக்கிறேன். ஒழுங்காக ஓடிய மணிக்கூட்டைத் திறந்து பார்த்தேன். அது இன்றுவரை பத்தேகாலில் நிற்கிறது. ஆனால், உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் செத்தவராக்கியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். (யாருக்கு உதவி என்று தலைமை வாத்தியார் அடிக்கடி கேட்பார்.) பழுகாமத்தில் வேலாப்போடி மாமா இருந்தார். என் அம்மாவின் தமையன், பெரிய வயற்காரர். அவர் மகள் வள்ளியம்மை எனக்கு முறைப்பெண். முறை இருந்தது, மாமாவுக்கு மனம் இருக்கவில்லை. "அவன்ட கை சும்மா கிடக்காது" என்பது அவர் என்மேல் வைத்த குறை. கதிரவெளியிலிருந்து வேறொரு சம்பந்தமும் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வா, முடிவு சொல்கிறேன் என்று மாமா ஆள் அனுப்பினார்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பறங்கிக் கிழவரிடம் படங்காட்டும் விளக்கு ஒன்று இருந்தது. தகரப் பெட்டி, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் பித்தளைக் குழாய். கண்ணாடித் துண்டில் வரைந்த படத்தைச் செருகினால் அது சுவரில் பெரிதாக விழும். இரவல் கேட்டேன்.

"கொண்டு போ மனே. படம் மங்கினா அந்தக் குழாய மட்டும் முன்னுக்குப் பின்னுக்கு அசை. வேற ஒண்டிலயும் கை வைக்காத. பின்னேரம் எனக்கு வேணும்."

பின்னேரத் தோணியில் திரும்ப வேண்டியிருந்ததால் பட்டப்பகலிலேயே படம் காட்டத் தீர்மானித்தேன். அறையின் யன்னல்களைச் சாத்தினேன். மாமா ஒரு கிழமையாக இருமலும் காய்ச்சலுமாக வீட்டோடு கிடந்தவர். பாயில் வந்து உட்கார்ந்தார். மாமி கதவோரம் நின்றாள். வள்ளியம்மை மாமிக்குப் பின்னால் நின்றாள். நெல் அளக்கும் மரைக்காலைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பெட்டியை வைத்து, கப்பல் படத்தைச் செருகினேன்.

சுவரில் கப்பல் வந்தது.

"அடியே, கப்பல்கா!" என்று மகளைக் கூப்பிட்டாள் மாமி.

"நல்லாத்தான் தெரியுது," என்றார் மாமா. வள்ளியம்மை சிரித்தது இருட்டில் கேட்டது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"இல்ல மாமா, பொறுங்க. இன்னும் தெளிவாக்கலாம்," என்றேன்.

யன்னல் இடுக்கில் வெயில் ஒழுகியது. சாக்குகளைத் திணித்தேன். கப்பல் சிறிதாகப் பட்டது. பெரிதாக்க வேண்டுமானால் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அதற்குக் கட்டில் இடைஞ்சல். கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டேன். உட்காரும் வாங்குப் பலகையையும் போட்டேன். பெரிய கப்பலில் சுவரின் காரை உதிர்ந்த ஓட்டைகள் தெரிந்தன. வெள்ளைச் சீலை இருந்தால் நல்லது என்று ஓடிப்போய்க் கட்டாடியாரிடம் கேட்டேன். அந்த ஊரில் துணி வெளுத்து, கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வெள்ளை கட்டுகிறவர் அவர்தான்.

"எங்க கட்ட?" என்று கேட்டார்.

"மாமா வீட்டில. கெதியாத் தாங்க!" என்று பறித்துக்கொண்டு ஓடிவந்தேன். (அவர் முகம் போன போக்கை நான் கவனிக்கவில்லை. எனக்குக் கப்பல்தான் கவலை.)

சீலையைக் கட்டினேன். நனைத்தால் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்று தண்ணீர் தெளித்தேன். வெளிச்சம் போதவில்லை. திரியை உயர்த்தினேன். பெட்டி புகைந்தது. இன்னும் உயர்த்தினேன். இப்போது கப்பலே இல்லை. கப்பல் விட்ட புகை மட்டும் அறை நிறைய இருந்தது.

"மாமா, இந்தா வந்திட்டுது," என்றேன். மத்தியானச் சாப்பாடும் இருமல் கசாயமும் சேர்ந்து மாமா பாயில் நீட்டி நிமிர்ந்து எப்போதோ தூங்கிவிட்டார். நான் பெட்டிக்குள் தலையை விட்டுக் கரி துடைத்தேன்.

புகை தாங்காமல் மாமி வாசலுக்கு ஓடி, கண்ணைத் துடைத்தபடி நின்றாளாம். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறாள். வெளியே கட்டில். பகலில் சாத்திய யன்னல். கட்டாடியார் வீட்டு வெள்ளை உள்ளே போனதையும் கண்டவள்.

"என்னகா மாமி? என்ன நடந்த?"

மாமிக்கு இருமலில் பேச்சு வரவில்லை. உள்ளே கையைக் காட்டினாள். அவ்வளவுதான். அந்த மனுசி வைத்த ஓலம் வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

கதவு திறந்தது. ஊர் உள்ளே வந்தது. தொங்கும் வெள்ளை, கால்மாட்டில் விளக்கு, நடுவில் அசையாத மாமா. பெட்டிக்குள்ளிருந்து கண்ணீரும் கரியுமாக நான் நிமிர்ந்தேன். யாரோ என்னைக் கட்டிப்பிடித்து, "மருமகன் தாங்குறாரில்லையே!" என்று அழுதார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அதையும் விம்மல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கந்தப்போடி வந்தார். மாமாவின் வயலுக்கு அடுத்த வயற்காரர். வரம்புச் சண்டையில் பத்து வருஷமாக மாமாவோடு பேச்சில்லை. வந்தவர் மாமாவின் காலில் விழுந்தார்.

"மச்சான்! நீ சொன்னது சரி மச்சான்! வரம்ப நான்தான் தள்ளிக் கட்டினன்! ரெண்டு முழம் மச்சான்!"

மாமாவின் ஒரு கண் திறந்ததை நான் பார்த்தேன். அது கந்தப்போடியைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

"கோயில்ல சத்தியம் பண்ணினதும் பொய் மச்சான்!"

அதன்பிறகு கந்தப்போடி அழ மட்டும்தான் செய்தார். இனி ஒன்றும் வராது என்று மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு முழமா, மூண்டா?"

கந்தப்போடி கதவைத் தேடவில்லை. வெள்ளைச் சீலைக்குள் பாய்ந்து சுவரில் முட்டி, சீலையையும் இழுத்துக்கொண்டு, பெட்டியையும் உதைத்துக்கொண்டு வெளியே போனார். கப்பல் இரண்டாக உடைந்தது.

எனக்கும் எல்லாம் முடிந்தது என்று பெட்டியைக் கட்டினேன். வள்ளியம்மை சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று புகையில் தெரியவில்லை. மாமா கூப்பிட்டார்.

"மருமகன், இஞ்ச வா. பத்து வருஷமா ஊர் விதானையாலயும் ஏலாத வேலைய நீ அரை நாள்ல முடிச்சிட்டாய். வைகாசியில கல்யாணம் வைப்பம். ஆனா ஒரு கதை. என்ட வீட்டில ஒண்டையும் நீ திருத்தப்படாது."

வைகாசியிலேயே நடந்தது. இருபது வருஷம் அந்த வீட்டில் மாமாவின் கண்முன்னால் நான் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. (மணிக்கூடு அவர் சந்தைக்குப் போன நாளில் நடந்தது.)

போன வருஷம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். கட்டாடியாரிடம் வெள்ளை கேட்டேன். இரண்டு தரம் சத்தியம் பண்ணியபிறகுதான் தந்தார். கட்டினோம், அழுதோம். ஊர் வேலிப் படலையடியில் வந்து நின்றது. உள்ளே யாரும் வரவில்லை. கடைசியில் கிழவராகிவிட்ட கந்தப்போடி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மாமாவை உற்றுப் பார்த்தார். அழவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மருமகன், அந்த விளக்கு எங்க?"

"விளக்கு இல்ல. இது உண்மையாத்தான்."

மாமாவின் பாதத்தை ஒருதரம் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அழத் தொடங்கினார். தகப்பனின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த வள்ளியம்மை அதைக் கண்டு சிரித்துவிட்டாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் கண்ணைக் கசக்கினாலும், என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. "விளக்கு எங்க?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள்.