சிவப்பு அட்டை மாப்பிள்ளை

ஜிம்மில் சேரும் படிவத்தில் 'புதியவர்', 'அனுபவசாலி' என்று இரண்டு கட்டம் இருந்தது. முதலாமவருக்குக் கழுத்தில் வெள்ளை அட்டை, இரண்டாமவருக்குச் சிவப்பு. தபால் பிரிக்கும் குமாஸ்தாவான நம்ம மாப்பிள்ளை படிவத்தை நிரப்பப் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து, உள்ளே மாமனார் நிற்பது கண்ணில் பட்டது.

போன மாதம் பீரோவை நகர்த்தும்போது, "நீங்க விடுங்க மாப்பிள்ளை, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று நாலு பேர் முன்னால் சொன்ன மனுஷர் அவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஒரே ஒரு தடவையாவது அவர் வாயால் "பரவாயில்லையே" என்று கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இவர் ஜிம்முக்கே வந்தார். சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டார்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். புதுசாக வருபவர்கள் லேசான எடையைப் பொறுமையாகப் பதினைந்து தடவை தூக்கினால் போதும், பழகினவர்களுக்குத்தான் கனம் ஏற்றலாம் என்று விளக்கிவிட்டு, "நீங்கதான் பழகினவராச்சே சார்" என்று முப்பது கிலோவை மாட்டினார்.

தூக்கியதும் கண்ணில் பூச்சி பறந்தது. குறைக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், பக்கத்து பெஞ்சில் மாமனார் முப்பத்தைந்தைத் தூக்கினார். அவர் கழுத்திலும் சிவப்பு. விடுவாரா மாப்பிள்ளை? நாற்பது கேட்டார். மாமனார் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்பத்தைந்து கேட்டார்.

"எத்தனை வருஷமா மாப்பிள்ளை?" என்றார் மூச்சு வாங்க.

"அது ஆச்சு, அஞ்சாறு வருஷம். நீங்க மாமா?"

"நமக்கென்ன, சின்ன வயசுலேர்ந்தே."

இவர் ஐம்பது கேட்டார். அதோடு சரி.

மறுநாள் காலையில் இரண்டு கையும் தோளுக்கு மேல் போகவில்லை. பிரஷைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிப் பல் துலக்கினார். சட்டைக்கு மனைவிதான் பொத்தான் போட்டாள். இதெல்லாம் தேவையா, போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாங்க என்றாள். நியாயம்தான். இன்னொரு நாள் தூக்கினால் உயிர் தங்காது.

மாமனார் வீட்டு அழைப்பு மணியை நெற்றியால் அழுத்தினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமியார் கதவைத் திறந்தார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க மாப்பிள்ளை, உங்க மாமாவைக் கொஞ்சம் தூக்கி உட்கார வைங்க. உங்க கழுத்துல சிவப்பு அட்டையைப் பார்த்ததும், மானம் போயிடக்கூடாதுன்னு தன்னோட வெள்ளை அட்டையைக் கொடுத்து மாத்திக்கிட்டாராம், நேத்துதான் சேர்ந்த மனுஷன்."